ஒளிந்துகொண்டே போன ரிலே

விழுப்புரத்தில் கார் வயரிங் பார்க்கிற எந்தக் கடைக்குப் போனாலும் மேசையின் ஏதோ ஒரு இழுப்பறையில் பழைய ரிலேக்கள் கிடக்கும். கறுப்பு பிளாஸ்டிக் கூடு. நீளம், அகலம், உயரம் எல்லாமே ஏறக்குறைய ஓர் அங்குலம். அடியில் நான்கு அல்லது ஐந்து தகட்டுக் கால்கள். கால்களை ஒட்டிப் பொடி எழுத்தில் 30, 85, 86, 87 என்று எண்கள். நல்லதும் கெட்டதும் கலந்துதான் கிடக்கும். எது உயிரோடு இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியும். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தே சொல்லிவிடுகிறவர்களும் உண்டு.

ஒரு காரில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு ரிலே இருக்கலாம். ஹாரனுக்கு ஒன்று, ஹெட்லைட்டுக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, ரேடியேட்டர் விசிறிக்கு ஒன்று. ஹாரன் ரிலே செத்தால் ஹாரன் அடிக்காது, அவ்வளவுதான். பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப்பின் ரிலே செத்தால் வண்டியே நின்றுவிடும். அதுவும் பெரும்பாலும் சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவில், நிழலுக்கு ஒரு புளியமரமும் மிஞ்சாத நாற்கரச் சாலையில். அப்போது எழும் முதல் கேள்வி அது ஏன் செத்தது என்பதல்ல, எங்கே இருக்கிறது என்பது. வண்டி ஓட்டுகிற நூறு பேரில் ஒருவருக்குக்கூட அது தெரியாது. தெரியாமல் போனதில் ஓட்டுகிறவர்கள் மேல் குற்றம் இல்லை. இந்தப் பொருளின் 190 ஆண்டு வாழ்க்கையே, எல்லோரும் பார்க்கிற மேசையிலிருந்து யாரும் பார்க்காத இடுக்குக்குப் போன கதைதான்.

அது பிறந்தது அமெரிக்காவின் பிரின்ஸ்டன் கல்லூரியில். 1835 வாக்கில் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜோசப் ஹென்றி, மாணவர்களுக்கு ஒரு வித்தை காட்டினார். வெகுதூரத்திலிருந்து நீண்ட கம்பி வழியே வரும் மின்சாரம் இளைத்துப்போய்த்தான் வந்து சேரும். அதைக் கொண்டு பெரிய வேலை எதுவும் வாங்க முடியாது. ஆனால் ஒரு சின்ன இரும்புத் துண்டை அசைக்க அது போதும். அந்த இரும்புத் துண்டு அசைந்து, பக்கத்திலேயே இருக்கும் பெரிய பேட்டரியின் சுற்றை இணைத்தோ துண்டித்தோ விட்டால்? பெரிய வேலையைப் பெரிய பேட்டரி பார்த்துக்கொள்ளும். ஹென்றி இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. லண்டனில் எட்வர்ட் டேவி என்ற மருத்துவர் இதே எண்ணத்தைத் தந்திக் கம்பிக்குப் பொருத்தி உரிமையும் வாங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, 1839-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி மருத்துவம் பார்க்கப் போய்விட்டார். பெயரும் பணமும் சாமுவேல் மோர்ஸுக்குப் போயின.

இந்தியாவுக்குத் தந்தி வந்தது 1850களின் நடுவில். 2013 ஜூலையில் அதை மூடும்வரை, வீட்டு வாசலில் தந்திக்காரர் வந்து நின்றால் யாரோ போய்விட்டார்கள் என்று அழத் தொடங்குவது நம் வழக்கமாக இருந்தது. அந்தக் காலத் தந்தி அலுவலகத்தில் ரிலே மேசைமேல் உட்கார்ந்திருந்தது. பித்தளைத் திருகுகள், பட்டு நூல் சுற்றிய செம்புச் சுருள், பளபளப்பான மரப்பலகை. ஊழியர் தன் விரலாலேயே திருகைத் திருப்பி, மழைக் காலத்தில் கம்பி நனைந்து மின்சாரம் கசியும்போது ஒரு மாதிரியும் கோடையில் ஒரு மாதிரியும் சரிசெய்வார். ரிலே எங்கே இருக்கிறது என்று அப்போது யாரும் கேட்டிருக்க முடியாது.

தந்திக்குப் பிறகு அதை ரயில்வே தத்தெடுத்தது. இந்தக் கதை விழுப்புரம் வழியாகப் போவதற்கு அதுதான் முதல் காரணம். 1870களில் தென்னிந்திய ரயில்வேயின் பாதை திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரத்துக்கு வந்தது. 1879-ல் அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு, அதாவது பிரெஞ்சு மண்ணுக்குள், ஒரு கிளை போட்டார்கள். இவை போக, காட்பாடிப் பக்கம் ஒன்று, விருத்தாசலம் வழியே திருச்சிக்கு ஒன்று, கடலூர் மயிலாடுதுறைப் பக்கம் ஒன்று. ஐந்து திசையிலிருந்தும் வண்டி வரும் சந்திப்பில், எந்தத் தண்டவாளத்தில் வண்டி நிற்கிறது என்பதை மனிதக் கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்வது ஆபத்து. 1872-ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரு துண்டுத் தண்டவாளத்தின் ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே. பாதை காலியாக இருக்கும்வரை மின்சாரம் ஒரு தண்டவாளத்தில் போய் ரிலேயைப் பிடித்து வைத்து மற்றதில் திரும்பும். வண்டி வந்து நின்றால் அதன் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் குறுக்கே இணைத்துவிடும். மின்சாரம் பாதி வழியிலேயே திரும்பிவிட, ரிலே பிடியை விடும். சிக்னல் சிவப்பாகும்.

இதில் கவனிக்க வேண்டியது, பேட்டரி செத்தாலும் கம்பி அறுந்தாலும் தண்டவாளம் உடைந்தாலும் இதேதான் நடக்கும் என்பது. ரிலே விழும், சிவப்பு எரியும், வண்டி நிற்கும். சந்தேகம் வந்தால் நிறுத்து என்ற புத்தியை ரிலே கற்றுக்கொண்டது ரயில்வேயிடம்தான். சிக்னல் ரிலேக்களில் ஒருபக்கத் தொடுமுனையைக் கரியால் செய்வார்கள், உலோகமும் உலோகமும் பொறியில் உருகி ஒட்டிக்கொண்டால் சிக்னல் பச்சையிலேயே நின்றுவிடும் என்பதால். கரி ஒட்டாது.

ஆனால் ஒளிந்துகொள்ளத் தொடங்கியதும் ரயில்வேயில்தான். ஸ்டேஷன் கட்டடத்தில் ரிலே அறை என்று தனியாக ஓர் அறை. அதற்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றது சிக்னல் துறை ஊழியரிடம். இருவரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தவறான பாதையில் திருப்பிவிடப்பட்டு சரக்கு வண்டியில் மோதியதே, அதற்குப் பிறகு இந்த இரட்டைப் பூட்டு விஷயத்தை ரயில்வே வாரியம் நாடு முழுக்க மறுபடி இறுக்கியது. ரயில் ரிலே ஒளிந்திருப்பதற்கு நியாயம் இருக்கிறது. கார் ரிலே ஒளிந்ததற்கு இடப் பற்றாக்குறையைத் தவிர வேறு காரணம் இல்லை.

காருக்குள் அது முதலில் வேறு பெயரில் வந்தது. அம்பாசிடரில் டைனமோ இருந்த காலத்தில், இன்ஜின் அறையில் கறுப்பு மூடி போட்ட ஒரு பெட்டி இருக்கும். மெக்கானிக்குகள் அதை கட்-அவுட் என்பார்கள் (நாற்பதடி உயரத்தில் நிற்கிற கட்-அவுட் வேறு). இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பி ஓடிவிடாமல் துண்டித்து வைப்பது அதன் வேலை. அதுவும் ரிலேதான். தகராறு செய்தால் மூடியைக் கழற்றி, தொடுமுனையில் உப்புத்தாளை ஒரு இழுப்பு இழுத்து, ஊதிவிட்டு மூடுவார்கள். வேலை முடிந்தது.

பெட்ரோலை இழுத்துத் தர அப்போது மின்சாரமே தேவைப்படவில்லை. அம்பாசிடர், பத்மினி இரண்டிலும் பம்ப் இன்ஜினோடு ஒட்டியிருந்தது. உள்ளே கேம் ஷாஃப்ட் சுற்றச் சுற்ற, ஒரு கை மேலும் கீழும் ஆடி, ரப்பர் சவ்வை இழுத்து விட்டு பெட்ரோலை கார்புரேட்டருக்கு அனுப்பும். சித்திரை வெயிலில் இன்ஜின் சூடு ஏறி பம்ப்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் வண்டி நிற்கும். அதற்கு வைத்தியம் ஈரத் துணி. டிரைவர் பானட்டைத் தூக்கி, தண்ணீரில் நனைத்த துணியைப் பம்ப்பின் தலையில் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வருவார். டீக்கடைக்காரரே துணி கொடுத்த காலம் அது. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975-ல் தொடங்கிய தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களுக்கு இந்தத் தொல்லையும் இல்லை. டீசலும் இயந்திரப் பம்ப்பும்தான். டாங்கி வறண்டு காற்றுப் புகுந்தால் கையால் அடித்து ஏர் எடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அந்தப் பணிமனைகளில் தொழில் பழகிய தலைமுறைக்குப் பம்ப் என்றால் கண்ணால் பார்க்கிற, கையால் அடிக்கிற பொருள்.

அதை டாங்கிக்குள் முக்கியது புகைக் கட்டுப்பாடு. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967-ல் ஃபோக்ஸ்வேகன் காருக்கு மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது. அமெரிக்காவில் புகை விதிகள் இறுகிக்கொண்டிருந்த நேரம் அது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் சொட்டினால் போதும். பீய்ச்சுகிற இன்ஜெக்டருக்கு அப்படி இல்லை. சுமார் 3 பார் அழுத்தம் விடாமல் வேண்டும். அதற்கு மின்சார மோட்டார் பம்ப் வேண்டும். பம்ப் 4 முதல் 8 ஆம்பியர்வரை இழுக்கும். அவ்வளவு மின்சாரத்தைச் சாவித் துவாரம் வழியாகவோ இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மெல்லிய சில்லு வழியாகவோ அனுப்பினால் அவை தாங்காது. ஆகவே ஹென்றியின் வித்தை. கணினி ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத மின்சாரத்தை ரிலேயின் 85, 86 கால்களுக்கு இடையே ஓட விடும். உள்ளே சுருள் காந்தமாகி ஒரு சின்ன இரும்புத் தகட்டை இழுக்கும். 'டிக்'. பேட்டரியிலிருந்து வந்து 30-ல் காத்திருக்கும் மின்சாரம் 87-க்குத் தாவி, பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பம்ப்புக்கு ஓடும். அந்த எண்கள் ஜெர்மானியத் தரநிலை ஒன்றில் வைத்தவை. இன்று உலகம் முழுக்க அதே எண்கள்.

நம் ஊருக்கு இது வர முப்பது ஆண்டுகள் ஆயின. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது, இன்ஜெக்டர்களோடு. அடுத்த ஆண்டு ஏப்ரலில் டெல்லியின் காற்றைக் காக்க உச்ச நீதிமன்றம் புதுக் கார்களுக்கு யூரோ விதிகளைக் கட்டாயமாக்கியது. 2000 ஏப்ரலில் அது நாடு முழுவதற்குமான விதியாக வந்தபிறகு, கார்புரேட்டர் மாருதிகூட நாளடைவில் இன்ஜெக்டருக்கு மாற வேண்டியதாயிற்று. ஜிஎஸ்டி சாலையில் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து புறப்பட்ட கார்களும் இதே பாதையில் திண்டிவனம் வழியாகத் தெற்கே இறங்கின. இப்படித்தான் விழுப்புரத்துக்குப் பம்ப் ரிலே வந்து சேர்ந்தது. யாரும் விழா எடுக்கவில்லை. ஈரத் துணி போட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்கள் வரத் தொடங்கியபோதுதான் கடைக்காரர்களுக்கே அது தெரிந்திருக்கும்.

அந்த ரிலேக்களில் பலவும் வெளிநாட்டுப் பெயர் தாங்கியவை. ஆனால் கொச்சிக்குப் பக்கத்தில் முளந்துருத்தியில் 1968-ல் தொடங்கிய ஓ/இ/என் நிறுவனம் இன்றும் ரிலே செய்கிறது. பிரித்துப் பார்த்தால் ஒரு ரிலேக்குள் கொஞ்சம் உலகமே இருக்கும். மயிரிழைச் செம்புக் கம்பி, மென்னிரும்பு, செம்புக் கலவையில் வில்தகடு, அதன் நுனியில் கடுகளவு வெள்ளி. வெள்ளியில் முன்பு காட்மியம் ஆக்சைடு கலந்தார்கள். நஞ்சு என்று ஐரோப்பா தடுத்தபின் வெள்ளீய ஆக்சைடு கலக்கிறார்கள். வெள்ளி மின்சாரத்தைக் கடத்துவதில் முதல்தரம், ஆனால் பொறியில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆக்சைடு அதைத் தடுக்கிறது. ரயில் ரிலேயின் கரிமுனை செய்த வேலையை இங்கே ஒரு சிட்டிகைத் துகள் செய்கிறது.

ரயில்வேயிடம் கற்ற பழக்கமும் கூடவே வந்தது. சாவியை ஆன் செய்ததும் கணினி ரிலேயை இரண்டு மூன்று நொடி மட்டும் இழுத்துப் பிடிக்கும். பின்சீட்டுக்கடியில் 'ஊய்ங்' என்று ஒரு மெல்லிய ஓசை கேட்டு அடங்கும். இன்ஜின் சுற்றுகிறது என்று கிராங்க் சென்சார் சொன்னால்தான் ரிலே மறுபடி இழுக்கும். விபத்தில் கார் கவிழ்ந்து இன்ஜின் நின்றுவிட்டால், சாவி ஆனில் இருந்தாலும் ரிலே பிடியை விடும். அறுந்த குழாயிலிருந்து பெட்ரோல் பீய்ச்சி அடிக்காது. 2020-ல் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் ஸ்பிளெண்டர் பைக்கில்கூட இந்த ஓசை கேட்கிறது. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் அந்த ஓசை அடங்கும்வரை காத்திருந்து பட்டனை அழுத்துகிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை.

இனி அதன் முகவரி. கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல், சில சமயம் ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு இது மாறும். சில கார்களில் பானட்டுக்குக் கீழே பேட்டரியை ஒட்டிய ஃப்யூஸ் பெட்டியில். சிலவற்றில் டாஷ்போர்டுக்கு அடியில், டிரைவரின் முழங்காலுக்கு மேலே. சிலவற்றில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால். பெட்டி மூடியின் உட்புறம் வரைபடம் இருக்கும். அதில் பம்ப் என்று எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். எஃப்/பி என்றிருக்கலாம். டொயோட்டாக்காரர்கள் அதையே சர்க்யூட் ஓபனிங் ரிலே என்பார்கள்; மூடியில் சி/ஓபிஎன் என்று சுருக்கியிருப்பார்கள். ஹோண்டாவின் பழைய கார்களில் மெயின் ரிலே என்ற ஒரே கூட்டுக்குள் இரண்டு ரிலே இருக்கும், கணினிக்கு ஒன்றும் பம்ப்புக்கு ஒன்றுமாக. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து இடது காலடியில் தேடினால் நம் காரில் அது வலதில் இருக்கலாம். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் என்பது அவசரத்தில் நினைவுக்கு வராது.

ஒரு வைகாசி மதியம் கூட்டேரிப்பட்டைத் தாண்டி, விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கு முன்னால் எங்கள் கார் இப்படி நின்றது. செல்ஃப் நன்றாக அடித்தது. இன்ஜின் மட்டும் எடுக்கவில்லை. சாலையோர ஓட்டல்காரர் யாருக்கோ போன் செய்ய, பைக்கில் ஒரு இளைஞர் வந்தார். கையில் டெஸ்ட் லேம்ப், ஒரு திருப்புளி, ஒரு முழம் வயர்.

"சாவி போடுங்க சார். ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஆன் மட்டும்."

பின்கதவைத் திறந்து சீட்டில் காதை வைத்துப் படுத்தார்.

"சத்தமே இல்ல. பம்ப் ஓடல. பம்ப்பா ரிலேவான்னு பாத்துடலாம்."

பானட்டைத் தூக்கினார். ஃப்யூஸ் பெட்டியின் மூடியில் இருந்த படம் வெயிலில் வெளுத்து ஒன்றும் புரியவில்லை. உடனே போனை எடுத்தார். தொழில் கற்றுக்கொடுத்தவர் விழுப்புரத்தில் கடை வைத்திருக்கிறாராம். ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, இந்த வண்டிக்கு பம்ப் ரிலே உள்ளயா வெளியவா?"

"என்னா வருஷம்டா?" வருடத்தைச் சொன்னார். "அப்ப உள்ளதான். கிளவ் பாக்ஸ கழட்டி கைய மேல வுடு. ரெண்டு இருக்கும். பக்கத்துல இருக்கறது மெயின். அத வுட்டுடு, தள்ளி இருக்கறத புடுங்கு."

இந்த அறிவு எந்தக் கையேட்டிலும் இந்த வடிவில் கிடையாது. "வருஷத்தைச் சொல், உள்ளேயா வெளியேயா சொல்கிறேன்" என்பது பல நூறு கார்களின் வயிற்றில் கைவிட்டுத் துழாவிய விரல்கள் சேர்த்து வைத்தது. மெயின் ரிலேயை விட்டுவிடச் சொன்னதிலும் சூட்சுமம் இருக்கிறது. மெயின் ரிலே போயிருந்தால் கணினியே விழித்திருக்காது. டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்திருக்காது. எங்கள் காரில் எரிந்துகொண்டுதான் இருந்தது. போனில் அதைக் கேட்காமலேயே பெரியவர் அனுமானித்திருக்க வேண்டும். செல்ஃப் அடித்து ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் எது அதிகம் என்று அவருக்குக் கணக்கு இருந்திருக்கும்.

இளைஞர் ரிலேயைக் கையில் பிடித்தபடி என்னைச் சாவி போடச் சொன்னார். டிக் என்ற துடிப்பு விரலில் தெரிந்தது என்றார். அப்படியென்றால் கணினி ஆணை தருகிறது, சுருளும் இழுக்கிறது. 30-ல் டெஸ்ட் லேம்ப் எரிந்தது. 87-ல் எரியவில்லை. தொடுமுனை தீய்ந்துவிட்டது என்று அர்த்தம். கழற்றித் திருப்புளியால் கூட்டை நெம்பிக் காட்டினார். வெள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கரி பிடித்த ஒரு பள்ளம்.

"அதே நம்பர் ரிலே ஹாரனுக்கும் இருக்கு சார். அத புடுங்கி இதுல போட்டுடறேன். ஹாரன் இல்லாம விழுப்புரம் வரைக்கும் போயிடுவீங்களா?"

இந்தச் சாலையில் ஹாரன் இல்லாமல் போவதா, பெட்ரோல் இல்லாமல் போவதா என்று யோசிக்க வேண்டிய நிலைமைதான். போனோம்.

இப்படி மாற்றிப் போடுவதிலும் ஒரு கண்ணி உண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு ரிலேக்களில் 30-ஆம் 86-ஆம் கால்கள் இடம் மாறியிருக்கும் ரகங்கள் இருக்கின்றன. சிலவற்றில் சுருளுக்குக் குறுக்கே டையோடு வைத்திருப்பார்கள், துண்டிக்கும்போது சுருள் திருப்பி அடிக்கும் மின்னழுத்தம் கணினியைத் தாக்காதிருக்க. அதைத் தலைமாற்றிப் போட்டால் டையோடு போகும், ஃப்யூஸ் போகும், கணினிக்கும் கேடு வரலாம். கூட்டின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தையும் எண்ணையும் பொருத்திப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். வேறு ரிலே கிடைக்காத இடத்தில் 30-க்கும் 87-க்கும் ஒரு வயரைக் கொடுத்து டைரக்ட் செய்துவிடுவார்கள். பம்ப் ஓடும், வண்டி போகும். ஆனால் அப்போது அந்தக் காரில் சந்தேகம் வந்தால் நிறுத்துகிற புத்தி இல்லை. மோதினாலும் பம்ப் ஓடும். அடுத்த கடைவரை போவதற்குச் சரி. அப்படியே மாதக் கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

ரிலே சாவது பல விதம். ஒவ்வொரு முறை பிரியும்போதும் ஒரு பொறி பறக்கும், வெள்ளி அணு அணுவாகக் கரையும். இது முதுமைச் சாவு. பம்ப்பே தேய்ந்து அதிக மின்சாரம் இழுத்து ரிலேயைத் தீய்ப்பது இன்னொரு விதம். அப்போது ரிலேயை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் போகும். டாங்கியைக் காயவிட்டு ஓட்டுகிறவர்கள் இதை வரவழைத்துக்கொள்கிறார்கள், உள்ளே முங்கியிருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான் என்பது தெரியாமல். தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டால் நேரெதிர்க் கோளாறு: சாவியை எடுத்தபிறகும் பம்ப் ஓடி, காலையில் பேட்டரி இறங்கியிருக்கும்.

வெயில் சாவு தனி ரகம். 1980, 90களின் ஹோண்டா கார்களில் மெயின் ரிலேக்குள் இருக்கும் ஈயப் பற்று நாளடைவில் மயிரிழை விரிசல் விடும். காலையில் வண்டி ஒழுங்காக எடுக்கும். மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் சூட்டில் விரிசல் விலகி எடுக்காது. கண்ணாடியை இறக்கி உள்ளே ஆறவிட்டால் மறுபடி எடுக்கும். அமெரிக்காவில் பிரபலமான இந்தக் கோளாறு, கத்திரி வெயிலில் முண்டியம்பாக்கம் மருத்துவமனை வாசலில் நிறுத்தின காருக்கும் வரும். ஈயப்பற்றுக் கோல் இருந்தால் சில ரூபாய் செலவில் சரியாகிவிடும்.

தண்ணீரில் சாவது எப்படி என்பதை 2024 கற்றுக்கொடுத்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி நகராமல் நின்றுகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. தென்பெண்ணை பொங்கி அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் ஏறியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்தினார்கள். நீரில் மூழ்கிய கார்களில் காலடியிலும் டாஷ்போர்டு இடுக்கிலும் இருந்த ரிலேக்கள் சகதி குடித்தன. அன்றைக்கே செத்திருந்தால் பரவாயில்லை. கழுவித் துடைத்து ஓட்டத் தொடங்கிய வண்டிகளில் செம்புக் கால்கள் பச்சை பூத்து வாரக்கணக்கில் மெல்ல அரித்துக்கொண்டிருக்கும், பொங்கலுக்கு ஊருக்குப் போகிற நாளில் வண்டி நிற்கும். அந்த நேரத்தில் ரிலேயைக் கழற்றி மாட்டும்போது அதன் கால்களை மட்டும் பார்க்காமல் சாக்கெட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கிற எலக்ட்ரீஷியன் கிடைத்தால் பாக்கியம். வயல்வெளியில் நிறுத்துகிற வண்டிகளுக்கு எலி வேறு. எலி ரிலேயைத் தொடுவதில்லை, அதற்குப் போகும் வயரைக் கடிக்கிறது. ஸ்கேனரில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே குறியீடுதான் வரும், பி0230. பம்ப்பின் ஆணைச் சுற்றில் கோளாறு என்பதற்கு மேல் அது சொல்லாது.

செத்த ரிலேக்குக் காயலான் கடையில் மதிப்பு எதுவும் இல்லை. கடுகளவு வெள்ளியை எடுக்கிற கூலி வெள்ளியின் விலையைவிட அதிகம். ஆனால் உயிரோடு இருக்கும் ரிலே காரைவிட நீண்ட காலம் வாழலாம். சென்னை புதுப்பேட்டையில் பிரிக்கப்பட்ட கார்களிலிருந்து கழன்று, வேறு ஒரு காரின் டாஷ்போர்டுக்குள் இரண்டாம் வாழ்க்கை தொடங்குகிறவை உண்டு. டூப்ளிகேட் புது ரிலேயைவிட ஒரிஜினல் பழைய ரிலே மேல் என்பது பல எலக்ட்ரீஷியன்களின் கட்சி. மேலே குறித்த இழுப்பறைகள் இருப்பது அதற்காகத்தான். தலைமறைவு வாழ்க்கைக்குப் பழகிய பொருளுக்கு இந்த இழுப்பறைதான் அதிகம் வெளிச்சம் படுகிற இடம்.

இப்போது அது இன்னும் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கிறது. புதிய கார்கள் பலவற்றில் பம்ப்புக்கு ரிலேயே இல்லை. சிலிக்கான் சில்லு ஒன்று பம்ப்பின் வேகத்தைத் தேவைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கிறது. சத்தம் இல்லை, துடிப்பு இல்லை, விரலில் ஒன்றும் தெரியாது. மின்சாரக் கார்களில் பம்ப்பும் இல்லை. ஆனால் அங்கே ரிலே உருவம் பெருத்து வாழ்கிறது: சில நூறு வோல்ட் பேட்டரியை மோட்டாரோடு இணைக்கவும் பிரிக்கவும் வாயு நிரப்பி மூடிய பெரிய கான்டாக்டர்கள். வண்டியைக் கிளப்பும்போது காலடியில் கேட்கும் 'டக்' அவற்றின் ஒலிதான். ஆரஞ்சு வயர் போகிற அந்தப் பக்கம் சாலையோரத்து டெஸ்ட் லேம்ப்போடு போனால் உயிர் போகும். ஆகவே அதை மறைத்து வைத்திருப்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிடுங்கி மாற்றும் ரிலேக்கும் சிலிக்கான் சில்லுக்கும் நடுவில் ஒரு காலம் இருந்தது. இடத்தையும் காசையும் மிச்சம் பிடிக்க, பிடுங்கி மாற்றக்கூடிய ரிலேயை விட்டுவிட்டு, ஃப்யூஸ் பெட்டியின் உள்பலகையிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிட்டார்கள். ரிலே செத்தால் பெட்டியையே மாற்ற வேண்டும். அமெரிக்காவில் கிரைஸ்லர் அப்படிச் செய்தது. 2011 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ கார்களில் பெட்டிக்குள் ஒட்டிய பம்ப் ரிலே சூட்டில் உருக்குலைந்து, வண்டிகள் ஓட்டத்திலேயே நின்றன. 2014-ல் லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பொறியாளர்கள் கண்டுபிடித்த தீர்வு: உள்ளே இருந்த ரிலேயை மறந்துவிட்டு, வெளியே சாதாரண ரிலே ஒன்றை வைத்து வயர் இழுத்துவிடுவது.

விழுப்புரம் பழைய பஸ் நிலையப் பக்கமோ திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழேயோ இதே வேலையைக் கேட்டுப் பாருங்கள். ஐந்து கால் ரிலே ஒன்று, அதற்கு ஒரு சாக்கெட், ஃப்யூஸ் போட்ட வயர் கொஞ்சம், இரண்டு கேபிள் டை. பேட்டரிக்குப் பக்கத்தில், பானட்டைத் தூக்கினால் கண்ணில் படுகிற இடத்தில் கட்டிவிட்டு, வெள்ளை டேப் ஒட்டி அதில் பேனாவால் 'பம்ப்' என்று எழுதித் தருவார்கள்.